காசு ஏறிடுச்சாம், கைக்குத்தான் வரல

போன இதழ்ல படிப்பு உதவி பத்தி வந்த ஒரே ஒரு கேள்விக்கு நாலு வரி பதில் எழுதினேன், அதுக்கு லெட்டரும் வாட்ஸ்அப்புமா வந்து குவிஞ்சிடுச்சு. எல்லாத்துக்கும் எழுத இடம் இல்ல, அடிக்கடி வந்த கேள்விகள மட்டும் எடுத்துக்கிட்டேன். பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டதால யார் பேரையும் போடல.

கே: என் பொண்ணு ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல், இப்ப கவர்மென்ட் காலேஜ்ல செகண்ட் இயர். கூட படிக்கிற புள்ளைங்களுக்கெல்லாம், கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சு காலேஜ் போற பொண்ணுங்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற புதுமைப் பெண் பணம் 1,000 ரூபா மாசாமாசம் வருது, இவளுக்கு மட்டும் ஒரு மாசம் கூட வரல சார். காலேஜ்ல கேட்டா "உனக்கு ஏறிடுச்சும்மா"ங்கிறாங்க, பேங்க்ல கேட்டா வரலங்கிறாங்க. யார நம்புறது?
(வாசகி, பண்ருட்டி)

ப: ரெண்டு பேருமே உண்மையத்தான் சொல்றாங்கம்மா, அதுதான் கொடுமை. இந்தப் பணம் நீங்க ஃபார்ம்ல எழுதிக் கொடுத்த அக்கவுண்ட் நம்பருக்குப் போகாது, பொண்ணோட ஆதார் நம்பர் கடைசியா எந்த பேங்கோட சேர்ந்திருக்கோ அங்க போயிடும். பேங்க்ல ஆதார் ஜெராக்ஸ் கொடுத்துட்டோம், லிங்க் ஆயிடுச்சுன்னு நாம நினைச்சுக்குவோம். ஆனா லிங்க் வேற, சீடிங் வேற. பேங்குகளுக்கு நடுவுல பணத்த மாத்தி விடுற என்.பி.சி.ஐ.ங்கிற அமைப்புல "இந்த ஆதாருக்கு வர்ற அரசாங்கப் பணம் இந்த பேங்குக்கு"ன்னு பதிவாகணும், அதுக்குப் பேருதான் சீடிங்.

எங்க ஊர்ல இதே மாதிரி ஒரு புள்ள, பத்து மாசமா பணம் இல்லன்னு அழுதுச்சு. நான் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், எனக்கு என்ன வேலை, கூட்டிட்டுப் போய் இ-சேவை மையத்துல உக்காந்து ஆதார் வெப்சைட்ல 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாத்தோம். அந்தப் புள்ள கேள்வியே படாத ஒரு பேங்க் பேரு வருது. வீட்ல போய் விசாரிச்சா, ஒன்பதாவது படிக்கும்போது ஸ்கூலுக்கு வந்து யாரோ ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட் ஓப்பன் பண்ணிக் கொடுத்திருக்காங்க, பாஸ்புக் அரிசி டப்பாக்குள்ள கிடக்கு, பத்தாயிரம் ரூபாயும் அதுக்குள்ளதான் கிடக்கு! எடுக்கலாம்னு போனா ஆதார்ல இனிஷியல் பேருக்குப் பின்னாடி, பாஸ்புக்ல முன்னாடி, கேஒய்சி (ஆள் யாருன்னு பேங்க் சரிபாக்கிறது) ஆகலன்னு அதுக்கு இன்னும் மூணு நடை அலைய விட்டாங்க.

அதனால முதல்ல அந்த ஸ்டேட்டஸ பாருங்க. பழைய அக்கவுண்ட் பேரு வந்தா தேடிப் பிடிங்க. இன்ஆக்டிவ்னு வந்தா இப்ப இருக்கிற பேங்க்ல ஆதார் சீடிங் ஃபார்ம் எழுதிக் கொடுங்க, இல்லன்னா போஸ்ட்மேன்கிட்ட சொல்லி போஸ்டல் பேமென்ட்ஸ் பேங்க்ல ஒரு அக்கவுண்ட் தொடங்குங்க, கைரேக வச்சா போதும். வேற ஸ்காலர்ஷிப் வாங்கினா இது கட் ஆயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அது தனி, இது தனி.

கே: இட்லி இலவசம், பஸ் இலவசம், மாசம் ஆயிரம் வேற! எல்லாத்தையும் ஓசியில கொடுத்தா பசங்க எப்படி சார் உருப்படுவாங்க?
(வாசகர், சேலம்)

ப: 1920ல சென்னை ஆயிரம் விளக்கு கார்ப்பரேஷன் ஸ்கூல்ல மதியச் சாப்பாடு போட்டப்பவும் செலவு தண்டம்னு சொன்னவங்க இருந்திருப்பாங்க. 1956ல காமராஜர், 1982ல எம்.ஜி.ஆர்., 2022ல காலைச் சாப்பாடு, நூறு வருஷமா ஊர் உருப்பட்டுக்கிட்டுதான் இருக்கு. முதல் பீரியட்ல கணக்கு எடுத்தவன் நான், வெறும் வயித்தோட வந்த பையன் மூஞ்சிய கரும்பலகையில இருந்து திரும்பிப் பாத்தாலே தெரியும். அடுத்த கேள்வி.

கே: நான் பனியன் கம்பெனியில சிங்கர் மெஷின் டெய்லர். பையன் கவர்மென்ட் ஸ்கூல்ல எட்டாவது. என்.எம்.எம்.எஸ்.ங்கிற மத்திய அரசு ஸ்காலர்ஷிப் பரிட்சைக்கு கோச்சிங்னு ஒரு சென்டர்ல 3,000 ரூபா கேக்குறாங்க, கட்டலாமா?
(வாசகர், திருப்பூர்)

ப: கட்டாதீங்க. பரிட்சை கண்டிப்பா எழுத வைங்க, பாஸாகி செலக்ட் ஆனா ஒன்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் வருஷத்துக்கு 12,000, மொத்தம் 48,000 ரூபா. தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 6,695 பேருக்குத்தான் ஒதுக்கீடு, அதனால போட்டி இருக்கும். ஏழாவதுல 55 பர்சன்ட் எடுத்திருக்கணும், எஸ்.சி., எஸ்.டி.ன்னா 50 போதும், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3.5 லட்சத்துக்குள்ள இருக்கணும். ரெண்டு பேப்பர், ஒவ்வொண்ணும் 90 கேள்வி. ஒண்ணு பாடத்துல இருந்து, இன்னொண்ணு மூளைக்கு வேலை கொடுக்கிற மாதிரி, அதாவது நம்பர் வரிசையில அடுத்தது என்ன, கண்ணாடியில எப்படித் தெரியும் அந்த மாதிரி. பழைய கொஸ்டின் பேப்பர் நாலஞ்ச ஜெராக்ஸ் எடுத்து டைம் வச்சு எழுதச் சொல்லுங்க, ஸ்கூல் வாத்தியார்கிட்டயும் கேளுங்க, நிறைய பேர் சாயங்காலம் சும்மாவே சொல்லிக் கொடுக்கிறாங்க.

பாஸானதுக்கு அப்புறம்தான் பாதி பேர் கோட்டை விடுறது. வருஷா வருஷம் நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல ரினீவல் பண்ணணும், பத்தாவதுல 60 பர்சன்ட் வேணும் (எஸ்.சி., எஸ்.டி.க்கு 55), நடுவுல பிரைவேட் ஸ்கூலுக்கு மாத்தினா பணம் நின்னுடும். ஸ்கூல் சுவத்துல போஸ்டர் அடிச்சு ஒட்டிட்டு ரினீவல மறந்துட்ட கதை எனக்கே நாலு தெரியும்.

கே: பக்கத்து வீட்டுக்காரர் கட்டட வேலையில சாரம் சரிஞ்சு இறந்துட்டார். ரெண்டு பசங்க, நாலாவது, ஏழாவது, கவர்மென்ட் ஸ்கூல். அந்த அம்மா மில்லு வேலைக்குப் போறாங்க. பெரியவன நிறுத்திடலாமான்னு யோசிக்கிறாங்க.
(வாசகி, ராஜபாளையம்)

ப: நிறுத்த விடாதீங்க, நீங்க பக்கத்துல இருக்கிறதே பெரிய விஷயம்மா. நாளைக்கே ஹெட்மாஸ்டர போய்ப் பாருங்க. சம்பாதிக்கிற அப்பாவோ அம்மாவோ விபத்துல இறந்தா, கவர்மென்ட், எய்டட் ஸ்கூல் பசங்க பேர்ல 75,000 ரூபா டெபாசிட் போடுற திட்டம் ஒண்ணு ரொம்ப வருஷமா இருக்கு, படிப்புச் செலவுக்குன்னே. இத பத்தி பல வாத்தியாருங்களுக்கே தெரியாது. எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், டெத் சர்டிஃபிகேட், வருமானச் சான்று எல்லாம் கேப்பாங்க, அதனால அந்தக் காகிதத்த எல்லாம் இப்பவே பத்து செட் ஜெராக்ஸ் போட்டு ஒரு ஃபைல்ல வைங்க.

ரெண்டாவது, கலெக்டர் ஆபீஸ்ல மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுன்னு இருக்கும், அங்க 'ஸ்பான்சர்ஷிப்'னு கேளுங்க. ஒரு குழந்தைக்கு மாசம் 4,000 ரூபா, புருஷன இழந்தவங்க குழந்தைங்களுக்குக் கிடைக்கும், டவுன்ல வருமானம் வருஷத்துக்கு 96,000க்குள்ளயும் கிராமத்துல 72,000க்குள்ளயும் இருக்கணும். ஒதுக்குற பணம் கம்மி, லிஸ்ட்ல பேரு வர லேட் ஆகும், அதனாலயே சீக்கிரம் கொடுத்து வைங்க. அன்புக் கரங்கள்னு மாசம் 2,000 ரூபா திட்டம் 2025ல வந்துச்சே, அது இவங்களுக்குப் பொருந்தாது, அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லாதவங்களுக்கும், ஒருத்தர் போய் இன்னொருத்தர் பாத்துக்க முடியாத நிலைமையில இருக்கிற பசங்களுக்கும்தான் அது. அப்புறம் அவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல பதிஞ்சிருந்தாரான்னு பழைய பர்ஸ்ல, பீரோவுல அட்டை கிடைக்குதான்னு தேடுங்க. அதுலயும் விபத்து நிவாரணம், பசங்க படிப்புக்கு உதவி ரெண்டும் இருக்கு.

ஒண்ணும் நடக்கலன்னா குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணுங்க.

கே: ஆர்.டி.இ.ல (கல்வி உரிமைச் சட்டப்படி பிரைவேட் ஸ்கூல்ல கிடைக்கிற இலவச சீட்) எல்.கே.ஜி. சேத்தா பன்னெண்டாவது வரைக்கும் ஃப்ரீயா?
(வாசகர், ஓசூர்)

ப: இல்ல, எட்டாவது வரைக்கும்தான். சட்டமே 6 வயசுல இருந்து 14 வரைக்கும்தான் பேசுது. ஒன்பதாவதுல முழு ஃபீஸ் கேக்கும்போது திகைக்காதீங்க, அங்கிருந்து கவர்மென்ட் ஸ்கூலுக்கு மாத்தி 9ல இருந்து 12 வரைக்கும் படிச்சா மெடிக்கல், இன்ஜினியரிங்ல கவர்மென்ட் ஸ்கூல் பசங்களுக்குன்னு இருக்கிற 7.5 பர்சன்ட் ஒதுக்கீட்டுக்கும் தகுதி உண்டு. சேக்கும்போது இன்னொண்ணையும் மனசுல வைங்க, 2025ல ஸ்கூல் படிப்புக்குன்னு இருக்கிற சமக்ர சிக்‌ஷா பணத்த மத்திய அரசு விடலன்னு ரெண்டு அரசாங்கமும் மல்லுக்கட்டினதுல ஏப்ரல், மே மாசம் நடக்க வேண்டிய சேர்க்கை அக்டோபர்லதான் நடந்துச்சு. அதுவரைக்கும் எல்.கே.ஜி. பிள்ளைய வீட்லயா வச்சிருப்பாங்க, கடன வாங்கி ஃபீஸ் கட்டித்தான் சேத்தாங்க.

கே: சிங்கப்பூர்ல வேலை. வருஷத்துக்கு 50,000 ரூபா ஊர்ல ஏழைப் பசங்க படிப்புக்குக் கொடுக்கணும்னு ஆசை. ஆகஸ்ட் 15க்கு நோட்டு, பேக் வாங்கிக் கொடுக்கலாமா?
(வாசகர், சொந்த ஊர் தேவகோட்டை)

ப: நோட்டும் பேக்கும் அரசாங்கமே கொடுக்குது தம்பி, உங்க பேக் ரெண்டாவது பேக். நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பணம் இல்லாம படிப்பு நிக்கிறது ஜூன் ஜூலையிலதான். காலேஜ்ல சேந்த முதல் வாரத்துல ஃபீஸ், ஹாஸ்டல் அட்வான்ஸ், காஷன் டெபாசிட், லேப் கோட்டு, பஸ் பாஸ் எல்லாம் ஒரே நேரத்துல கேப்பாங்க. ஸ்காலர்ஷிப் வர்றது எப்ப? தீபாவளி, பொங்கல் எல்லாம் தாண்டி. எங்க பக்கம் ஒரு பிரைவேட் காலேஜ்ல (பேர் வேணாம்) ஸ்காலர்ஷிப் வரட்டும்னு ஒரு பொண்ணுக்கு ஹால் டிக்கெட்ட நிறுத்தி வச்சுட்டாங்க, நான் போய் ரெண்டு மணி நேரம் வராண்டாவுல உக்காந்து வாங்கிட்டு வந்தேன்.

நாங்க நாலு ரிட்டயர்டு வாத்தியாருங்க சேந்து அதுக்குன்னே ஒரு கைமாத்துப் பணம் வச்சிருக்கோம். ஃபீஸ் கட்டுறதுக்குக் கொடுப்போம், ஸ்காலர்ஷிப் ஏறினதும் புள்ளைங்களே திருப்பிக் கொடுத்துடும், வட்டி கிடையாது, எழுத்தும் கிடையாது. அதே பணம் அடுத்த ஜூன்ல வேற புள்ளைக்குப் போகும். சில பேர் கொடுக்க மாட்டாங்க, போகட்டும். உங்க 50,000த்த உங்க ஸ்கூல் ஹெட்மாஸ்டரும் மேனேஜ்மென்ட் கமிட்டியில நம்பிக்கையான ரெண்டு பேரும் சேந்து இப்படிச் சுத்த விட்டா, மூணு வருஷத்துல எத்தன பேருக்குப் போயிருக்கும்னு கணக்கு போட்டுப் பாருங்க, நான் கணக்கு வாத்தியார், நானே போட்டுட்டேன். ஸ்கூலுக்குக் கட்டடம், கம்ப்யூட்டர்னு கொடுக்கணும்னா நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் இருக்கு, அது வேற வழி.

கே: அக்கா முதல் பட்டதாரி சலுகையில இன்ஜினியரிங் படிக்கிறா. தம்பிக்கும் கிடைக்குமா?
(வாசகர், அரூர்)

ப: கிடைக்காது, வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான். ஆனா தம்பி ஆறாவதுல இருந்தே கவர்மென்ட் ஸ்கூல்னா 7.5ல சீட் கிடைச்சா டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல், கவுன்சலிங் கட்டணம் எல்லாமே அரசாங்கம் கட்டிடும், முதல் பட்டதாரி சலுகையே தேவப்படாது. எந்த ஸ்கூல்னு நீங்க எழுதவே இல்லையே? அத எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல மீதிய சொல்றேன்.