பிள்ளையோடு அலைச்சறுக்கு: வாசகர் கேள்விகள்

விடுமுறை நெருங்கும்போது, பலகைமேல் ஏறி அலையில் சறுக்கும் சர்ஃபிங் பற்றிய கடிதங்கள் கூடுகின்றன. இம்முறை வந்தவற்றில் பிள்ளையோடு சேர்ந்து தாங்களும் பழக நினைக்கும் பெற்றோரின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். பெரும்பாலானவர்கள் கோவளம், மாமல்லபுரம் பக்கம் போகிறவர்கள் என்பதால் அந்தக் கடலை மனத்தில் வைத்தே பதில்கள்.

எனக்கு 41 வயது, மகளுக்கு 9. இருவருக்கும் குளத்தில் நீந்தத் தெரியும். ஒரே நேரத்தில் இருவரும் பழக ஆசை. ஒரு பயிற்சியாளர் போதுமா?
— வாசகர், தாம்பரம்

போதாது. பலகையில் படுத்துக் கரையைப் பார்த்துக் கைகளால் தண்ணீரைத் தள்ளும்போது மகள் உங்கள் முதுகுப் பக்கம் இருப்பாள். அலை உங்களைத் தள்ளிக்கொண்டு போய், நீங்கள் விழுந்து எழுந்து, கண்ணில் இறங்கிய உப்புத்தண்ணீரைத் துடைத்துத் திரும்பிப் பார்க்க அரை நிமிடம் ஆகிவிடும். அந்த அரை நிமிடம் அவள்மேல் யார் கண் இருக்கிறது? பயிற்சியாளர் உங்கள் பலகையைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தால் யாருடைய கண்ணும் இல்லை. ஆகவே ஆளுக்கொரு பயிற்சியாளர் கேளுங்கள். கிடைக்காவிட்டால் முறைவைத்துப் பழகுங்கள்: அவள் ஐந்து அலை, நீங்கள் ஐந்து அலை. காத்திருப்பவர் கரையில் உட்காரட்டும். உங்கள் முறை வரும்போது அவளைத் தண்ணீரிலிருந்து முழுக்க வெளியே அனுப்பிவிட்டுப் பலகையைத் தொடுங்கள்.

இருவர் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதிலும் ஆபத்து உண்டு. எட்டடிப் பலகை, அதைக் காலோடு கட்டும் கயிறான லீஷ் எட்டடி. நீங்கள் விழுந்தால் பலகை உங்களைச் சுற்றிப் பதினாறு அடி வரை போய்ச் சுழலும். அதாவது ஏறக்குறைய 5 மீட்டர். அந்த வட்டத்துக்குள் பிள்ளை இருக்கக் கூடாது.

ஆழத்தையும் உங்கள் உடம்பை வைத்து அளக்காதீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளை சுமார் 130 செ.மீ. உயரம் இருப்பாள். உங்களுக்கு இடுப்பளவுத் தண்ணீர் அவளுக்கு நெஞ்சுக்கு மேல். அதன்மேல் இரண்டடி அலை வந்தால் தலை மூழ்கிவிடும். அவள் இடுப்பளவு, அதாவது உங்கள் தொடையளவு, அதுதான் அவளுக்கான இடம்.

எந்த மாதம், எந்த நேரம் போகலாம்? கைபேசியில் அலை உயரம் பார்க்கிறோம், ஆனால் ஒரே உயரத்தில் ஒருநாள் சாதுவாகவும் ஒருநாள் முரட்டுத்தனமாகவும் இருக்கிறதே?
— வாசகி, வேளச்சேரி

உயரத்தோடு 'பீரியட்' என்று நொடிக்கணக்கில் ஓர் எண் வரும், அதையும் பாருங்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி அது. 6 நொடி இடைவெளியில் வரும் ஒரு மீட்டர் அலையைவிட 12 நொடியில் வரும் ஒரு மீட்டர் அலை ஏறக்குறைய இரண்டு மடங்கு வலுவைக் கரைக்குக் கொண்டுவருகிறது. தொலைவில் எங்கோ அடித்த காற்றில் பிறந்து வரும் அலை அது. பிள்ளையோடு தொடங்க இரண்டடிக்கு மேல் வேண்டாம். இடைவெளி 10 நொடியைத் தாண்டினால் உயரம் அதற்கும் குறைவாக இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

நேரம் என்றால் விடியற்காலை. தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று அப்போது அலையின் முகத்தை வழவழப்பாக வைத்திருக்கும். முற்பகல் தாண்டிக் கடற்காற்று ஏறியதும் தண்ணீர் கலைந்து, அலைகள் ஒன்றன்மேல் ஒன்று உடையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காலம், புயல் சின்னங்களும் வரும். அந்த மூன்று மாதம் தொடங்குபவர்களுக்கு அல்ல.

ஹைதராபாத்திலுள்ள, கடல்நிலையைக் கணிக்கும் இன்காய்ஸ் நிறுவனம் உயர் அலை, கள்ளக்கடல் எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. காற்றே இல்லாமல், வானம் வெளுத்திருக்கும்போதே கரையேறி வரும் பேரலைதான் கள்ளக்கடல். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து இளையவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அந்த நாளுக்கும் எச்சரிக்கை இருந்தது. கிளம்பும் முன் ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள். எச்சரிக்கை இருந்தால், பிள்ளை எவ்வளவு அழுதாலும் அன்றைக்குக் கடல் கிடையாது.

எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே பலகை வாங்கலாமா?
— வாசகர், காஞ்சிபுரம்

வேண்டாம். முதல் பத்து வகுப்பு வாடகைப் பலகையே போதும். 25 முதல் 35 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஆறிலிருந்து ஏழடி ஃபோம் பலகை, அதாவது மேல்தோல் மெத்தென்று இருக்கும் பலகை. 70, 80 கிலோ பெரியவருக்கு எட்டரை அல்லது ஒன்பதடி, கொள்ளளவு 80 லிட்டருக்குக் குறையாமல். பெரியவர் ஏழடிப் பலகையில் படுத்தால் அது பாதி முழுகி, அலை தள்ளும்போதுகூட நகராது. பிள்ளையை ஒன்பதடியில் படுக்கவைத்தால் அவள் கை இரண்டு பக்கமும் தண்ணீரை எட்டாது, திருப்பவும் முடியாது.

ஃபோம் பலகைதானா என்று மேல்தோலை அழுத்திப் பாருங்கள். அடியிலுள்ள மீன்துடுப்பு போன்ற தகடுகளும் வளையும் ரப்பர் வகையாக இருக்க வேண்டும். லீஷ் பலகையின் நீளத்துக்குச் சமமாக இருக்கட்டும். பலகையில் நிற்கும்போது பின்னால் இருக்கும் காலின் கணுக்காலில், கயிறு வெளிப்பக்கமாகப் போகும்படி கட்டுங்கள். பிள்ளைகள் அதைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். அலை பலகையை இழுத்தால் கயிறு விரலை இறுக்கி முறித்துவிடும். முதல் நாளே தடுத்துவிடுங்கள். முழுக்கை லைக்ரா சட்டை இருவருக்கும் தேவை. இல்லையென்றால் அரைமணியில் வயிறும் முழங்கையும் உரசிச் சிவந்து போகும்.

எழுந்து நிற்கப் போகும்போதெல்லாம் பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தி, தலைகுப்புற விழுகிறேன். 12 வயது மகன் இரண்டாம் நாளே எழுந்து நின்றுவிட்டான்!
— வாசகர், புதுச்சேரி

மகன் எடை குறைவு, உயரமும் குறைவு. அதனால் நிலைகுலைவது குறைவு. அவனோடு ஒப்பிட்டு அவசரப்படுவதுதான் உங்கள் பலகையின் மூக்கைக் குத்தவைக்கிறது.

முதலில் படுக்கும் இடம். அசையாத தண்ணீரில் படுத்துப் பாருங்கள். பலகையின் மூக்கு தண்ணீருக்கு மேல் மூன்று நான்கு விரற்கடை உயரம் நிற்க வேண்டும். அதற்கும் தாழ்ந்தால் கொஞ்சம் பின்னால் நகருங்கள். மூக்கு வானத்தைப் பார்த்தால் முன்னால் வாருங்கள், இல்லாவிட்டால் அலை உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். சரியான இடம் கிடைத்ததும் உங்கள் முகவாய்க்கு நேரே பலகையில் என்ன அடையாளம் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் முகவாய் அங்கேயே வர வேண்டும்.

அடுத்து, அலை தொட்டவுடன் எழாதீர்கள். தள்ளுவது தெரிந்த பிறகும் மூன்று முறை பலமாகக் கையைப் போடுங்கள். பலகை தானே வழுக்கத் தொடங்கும். அடியில் சலசலப்பு மாறும். அப்போது கைகளை விலாவின் கீழெலும்புக்குப் பக்கத்தில் பலகையின்மேல் உள்ளங்கை படிய வையுங்கள். ஓரத்தைப் பிடித்தால் பலகை சாயும். நெஞ்சைப் புஜங்காசனம் போல உயர்த்தி, பார்வையைக் கரையிலுள்ள ஏதாவதொரு மரத்தில் நிறுத்தி, முன்னங்காலைக் கைகளுக்கு நடுவே கொண்டுவாருங்கள். பின்னங்கால் தானே வந்து சேரும். முழங்கால் மடிந்து, பாதங்கள் நடுக்கோட்டுக்குக் குறுக்கே, தோளகலத்தில்.

கால் சரியாக விழுந்ததா என்று குனிந்து பார்க்கும் அந்த ஒரு நொடிதான் பெரியவர்களைக் கவிழ்க்கிறது. தலை ஐந்து கிலோ கனம். அது முன்னால் சாய்ந்தால் மூக்கும் சாயும். முழங்கால் போட்டு எழுவதும் கெட்ட பழக்கம், ஒட்டிக்கொண்டால் விடுவது கஷ்டம். வீட்டுத் தரையில் பாய் விரித்து, நடுவில் சாக்பீஸ் கோடு போட்டு, நாளுக்கு இருபது முறை எழுந்து பாருங்கள். மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யலாம், தரையில் யாரும் யாரையும் இடிப்பதில்லை.

விழுவதிலும் முறை உண்டு. பலகைக்குப் பின்னாலோ பக்கத்திலோ கை கால் விரித்துத் தட்டையாக விழுங்கள். தலை முதலில் போகவே கூடாது, இடுப்பளவுத் தண்ணீரின் அடியில் கெட்டி மணல் இருக்கிறது. மேலே வரும்போது இரு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டு வாருங்கள். லீஷ் இழுபட்டுப் பலகை திரும்பி வரும். நிற்கும்போது பலகை உங்களுக்குப் பக்கத்தில், மூக்கு அலையைப் பார்த்து இருக்க வேண்டும். அலைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகையைக் குறுக்கே வைத்தால் அது வயிற்றிலோ பிள்ளையின் முகத்திலோ இடிக்கும்.

எனக்கு நீச்சல் தெரியாது. மகனுக்குத் தெரியும். லீஷ் கட்டியிருப்பதால் பலகையைப் பிடித்துக்கொண்டால் போதும் என்கிறார்களே?
— வாசகி, செங்கல்பட்டு

லீஷ் அறுந்துபோகும். அப்படி அறுந்த பிறகு கரைக்கு வர உங்களுக்கு நீச்சல்தான் இருக்கிறது. நிற்காமல் 50 மீட்டர் நீந்தவும், மல்லாந்து ஐந்து நிமிடம் மிதக்கவும் வந்த பிறகு அலைக்குப் போங்கள்.

அதுவரை இருவரும் சேர்ந்து செய்ய அருமையான ஒன்று இருக்கிறது: உப்பங்கழித் தண்ணீரில், பலகைமேல் நின்று துடுப்புபோடும் எஸ்.யு.பி. அலை இருக்காது, உயிர்காப்பு அங்கியோடு ஓட்டலாம். அங்கியைத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். பிள்ளையின் காதுவரை ஏறினால் அது பெரிது, மாற்றிக் கேளுங்கள். காற்றடைத்த பலகை என்றால் பத்தடிக்கு மேல் நீளமும் 32 அங்குல அகலமும் பார்த்து எடுங்கள். கையால் அழுத்தினால் சற்றும் குழியக் கூடாது. காற்று குறைந்தால் நடுவில் தொய்ந்து ஆடும். துடுப்பு உங்கள் உயரத்தைவிட ஒரு சாண் கூடுதலாக இருக்கட்டும். அதன் தட்டு முன்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். முதல்நாள் பாதிப் பேர் திருப்பித்தான் பிடிக்கிறார்கள். மகன் முன்னால் உட்கார, நீங்கள் முதலில் முழங்காலிட்டுத் துடுப்புபோடுங்கள். கழி கடலோடு சேரும் முகத்துவாரம் பக்கம் மட்டும் போகாதீர்கள், தண்ணீர் வடியும் நேரத்தில் அங்கே கடலை நோக்கி இழுக்கும்.

கடல் உள்ளே இழுத்துக்கொண்டு போகும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், திருவான்மியூர்

தண்ணீரில் இறங்கும் முன் பத்து நிமிடம் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் ஓர் இடம் மட்டும் உடையாமல் அமைதியாக, கொஞ்சம் கருத்து, நுரையும் குப்பையும் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும். குளிக்கப் போகிறவர்கள் 'அமைதியாக இருக்கிறதே' என்று அங்கேதான் இறங்குவார்கள். கரையில் வந்து சேர்ந்த தண்ணீர் திரும்பிப் போகும் வழி அது. கடலுக்குள் நீட்டிப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களை ஒட்டியும் இப்படி ஓடும், ஏனென்றால் கரையோரமாக வரும் நீரோட்டம் கல்லில் முட்டி வெளியே திரும்புகிறது.

மாட்டிக்கொண்டால் பலகையை விடாதீர்கள், எதிர்த்து நீந்தாதீர்கள். பலகையில் படுத்துக் கரைக்கு இணையாக, அலை உடையும் பக்கமாகப் போய், பிறகு அலையோடு திரும்புங்கள். உதவி கேட்டுக் கையைத் தூக்கி ஆட்டுவதை முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். மீனவர்களின் படகுகள் காலையில் கரையேறும் இடத்தையும் விட்டு விலகியே இருங்கள். அங்கே முதல் உரிமை படகுக்கு.

அலையில் உருண்டதிலிருந்து ஏழு வயது மகள் தண்ணீர்ப் பக்கமே வரமாட்டேன் என்கிறாள். கணவர், உடனே மறுபடி இறக்கினால்தான் பயம் போகும் என்கிறார்.
— வாசகி, அடையாறு

இறக்க வேண்டாம். அவளுக்குத் தண்ணீருக்குள் நெடுநேரம் இருந்ததாகத் தோன்றும். இரண்டடி அலை ஒரு பிள்ளையை அழுத்தி வைப்பது பெரும்பாலும் மூன்று நான்கு நொடிதான். வீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். நான்கைத் தாண்டும்போது அவள் முகத்தைப் பாருங்கள். அடுத்தமுறை பலகையே வேண்டாம், முழங்காலளவு நுரையில் விளையாட்டு. அதற்கடுத்து, வகுப்பு முழுக்க வயிற்றில் படுத்தபடியே கரை வரை சறுக்குவது. நிற்கச் சொல்லாதீர்கள், அவளே கேட்பாள். உதடு நிறம் மாறினாலும் நடுங்கினாலும் வெளியே எடுங்கள். 28 டிகிரித் தண்ணீரிலும் சிறு உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். முக்கால் மணி நேரம் போதும்.

சொறிமீன் பட்டால்? திருக்கை?
— வாசகர், கடலூர்

சொறிமீன் பட்ட இடத்தைக் கடல்நீரால் மட்டும் கழுவுங்கள். நல்ல தண்ணீரும் மணல் தேய்ப்பும் விஷத்தைக் கூட்டும். ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர், இருபது நிமிடம். பிள்ளைக்கு ஊற்றும் முன் சூட்டை உங்கள் கையில் பாருங்கள். மூச்சு முட்டினால், முகம் வீங்கினால் 108. திருக்கை மணலில் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் விலகிப் போய்விடும். குத்தினால் அதற்கும் வெந்நீர்தான், பிறகு மருத்துவமனை.

மகள் போட்டிக்குப் போக ஆசைப்படுகிறாள். இங்கே வழி உண்டா?
— வாசகி, மாமல்லபுரம்

உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே அலைச்சறுக்கு சேர்ந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் ஆசியச் சாம்பியன்ஷிப் உங்கள் ஊரிலேயே நடந்தது. இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். இப்போதைக்கு அவள் கரையிலிருந்து துணையில்லாமல் பலகையைத் தள்ளி, அலை உடையும் கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பட்டும். அது வந்ததும் பயிற்சியாளரே வயதுப் பிரிவு பற்றிச் சொல்வார்.