கடல் கடக்கும் பெட்டிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இன்னும் நான்கு மாதங்களில் நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் வேறொரு நாட்டில் குடியேறுகிறோம். பதினெட்டு ஆண்டுகளாகச் சேர்ந்த பொருள்கள் வீடு நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் கப்பலில் அனுப்பிவிடலாம் என்கிறார் கணவர். ஆளுக்கு இரண்டு பெட்டிகளோடு விமானம் ஏறிவிடலாம் என்கிறேன் நான். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு, ஆனால் போய்ச் சேரும் வீடு எப்படிப்பட்டது என்று தெரியாமல் இந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கட்டில், மேசை, அலமாரியோடு வாடகைக்கு விடும் ஊர்களும் உண்டு, வெறும் சுவர்களை மட்டும் ஒப்படைக்கும் ஊர்களும் உண்டு. ஜெர்மனியில் வாடகை வீடுகள் பலவற்றில் சமையலறை அலமாரிகளும் அடுப்பும்கூட இருப்பதில்லை என்பது புதிதாகக் குடியேறுபவர்களைத் திகைக்க வைக்கிறது. ஆகவே, முதல் ஓராண்டில் எத்தகைய வீட்டில் இருக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பொருள்களின் பக்கம் அதன் பிறகு திரும்பலாம்.

தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் செய்யும் பிழை, வாங்கிய விலையை நினைத்துக்கொண்டு முடிவெடுப்பது. பத்தாண்டுகளுக்கு முன் கொடுத்த பணம் எப்போதோ போய்விட்டது. அந்தப் பொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்க எவ்வளவு ஆகும், அங்கேயே அதுபோன்ற ஒன்றை வாங்க எவ்வளவு ஆகும் என்பதுதான் இப்போது போடவேண்டிய கணக்கு. இந்தக் கணக்கில் சோபாவும் மெத்தையும் பெரும்பாலும் தோற்றுவிடும். மெத்தைகளின் அளவு நாட்டுக்கு நாடு மாறுவதால், அங்கே வாங்கும் விரிப்பு நீங்கள் கொண்டுபோன மெத்தையில் பொருந்தாமல் போகவும் வாய்ப்புண்டு. மரத்தூள் பலகையில் செய்த அலமாரியைக் கழற்றி மறுபடி பூட்டினால் திருகுகள் முன்போல் பிடிப்பதில்லை என்பதால், அதைக் கடல் கடத்துவது வீண் வேலை. நல்ல மரத்தில் செய்த மேசை, கைக்குப் பழகிய தொழிற்கருவிகள், இசைக்கருவி, மறுபதிப்பு வராத புத்தகங்கள் ஆகியவற்றின் கணக்கு வேறு.

வேலையைப் புகைப்படப் பெட்டியிலிருந்து தொடங்காதீர்கள். முதல் நாள் மாலையே நின்றுவிடும். மனம் ஒட்டாத இடங்களிலிருந்து தொடங்குங்கள்: குளியலறை அலமாரி, பழைய கேபிள்களும் சார்ஜர்களும் கிடக்கும் இழுப்பறை, எப்போதோ வாங்கிய தொலைபேசிகளின் காலி அட்டைப்பெட்டிகள். எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் பழக்கம் இங்கே கைகூடிவிட்டால், கடினமான அறைகளில் கை அவ்வளவாகத் தயங்காது. விற்கவேண்டிய பெரிய பொருள்களுக்கு மட்டும் இப்போதே ஆள் தேடத் தொடங்குங்கள். கட்டிலும் குளிர்சாதனப் பெட்டியும் கடைசி வாரம் வரை உங்களுக்குத் தேவை. ஆகவே முன்பணம் வாங்கிக்கொண்டு, எடுத்துச்செல்லும் தேதியை எழுத்தில் பேசி வைத்துக்கொள்வது நல்லது. பிள்ளைகளின் உடைகளில் அடுத்த ஓராண்டுக்குப் பொருந்துபவை போதும், வளரும் கால்களுக்காக இப்போதே காலணி சேர்க்கவேண்டாம்.

கேள்வி: கப்பல், விமானம் இரண்டில் எது மலிவு? கட்டணத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பதில்: இரண்டுக்கும் அளவுகோலே வேறு. விமானச் சரக்கில் தராசு காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் வருவது கனஅளவு எடை. உண்மை எடை, கனஅளவு எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 60, 50, 40 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு பெட்டியில் தலையணைகளை அடைத்து அதன் எடை 6 கிலோ என்று நீங்கள் மகிழ்ந்திருந்தாலும், பில்லில் 20 கிலோ என்றே இருக்கும். கூரியர் நிறுவனங்கள் பல 5000-ஆல் வகுப்பதால், அங்கே அதே பெட்டி 24 கிலோவாகிவிடும்.

கப்பலில் வீட்டுப் பொருள்களுக்கு இடத்தைத்தான் அளக்கிறார்கள். மேற்சொன்ன பெட்டிகள் எட்டு சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு கனமீட்டர். 20 அடி கன்டெய்னரின் உட்புறம் சுமார் 33 கனமீட்டர், 40 அடி கன்டெய்னரில் சுமார் 67. பொருள்கள் கோணல்மாணலாக இருப்பதால் அவ்வளவையும் நிரப்ப முடியாது. உங்களிடம் பத்துப் பதினைந்து பெட்டிகள் மட்டுமே இருந்தால், பலருடைய சரக்கையும் சேர்த்து ஏற்றும் பங்குக் கன்டெய்னரே போதும். ஆனால் அது நிரம்பும் வரை காத்திருக்கவேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு பிரித்து அடுக்கவும் நாளாகும். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு இரண்டு மூன்று மாதங்கள் என்று வைத்துக்கொண்டு திட்டமிட்டால் ஏமாற்றம் இராது.

விலைப்புள்ளி கேட்கும்போது மூன்று நிறுவனங்களிடமும் ஒரே பட்டியலைக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட வழியே இல்லை. துறைமுகம் வரையா, வீடு வரையா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். குறைந்த விலைப்புள்ளி பலவற்றில் போய்ச் சேரும் துறைமுகத்தின் கையாளும் கட்டணமும் சுங்க முகவர் கட்டணமும் சேர்ந்திருப்பதில்லை. ஆவணம் தாமதமாகி, இலவச நாள்களைத் தாண்டிச் சரக்கு துறைமுகத்தில் கிடந்தால், அதற்குத் தினசரி வாடகையும் கட்டவேண்டியிருக்கும். காப்பீட்டில் ஒரு நுணுக்கம் உண்டு: நீங்களே கட்டிய பெட்டி மொத்தமாகத் தொலைந்தால்தான் பல பாலிசிகளில் இழப்பீடு கிடைக்கும், உள்ளே இருந்தது உடைந்ததென்றால் கிடைக்காது. ஆகவே கண்ணாடியையும் பீங்கானையும் நிறுவனத்தாரையே கட்டச் சொல்லுங்கள். துணியையும் புத்தகத்தையும் நீங்கள் கட்டிக்கொள்ளலாம். புத்தகத்துக்குச் சிறிய பெட்டியே பொருத்தம். பெரிய பெட்டியில் அடைத்தால் அடிப்பகுதி பிய்ந்துவிடும், தூக்குகிறவர் முதுகும் போய்விடும்.

கேள்வி: மின்கருவிகளைக் கொண்டுபோகலாமா?

பதில்: கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் எங்கும் ஓடும், பிளக் அடாப்டர் ஒன்று போதும். மடிக்கணினி, கைபேசி சார்ஜர்கள் பெரும்பாலும் இவ்வகை. 220–240 வோல்ட் என்று மட்டும் இருந்து, நீங்கள் போவது 120 வோல்ட் உள்ள அமெரிக்காவுக்கோ 100 வோல்ட் உள்ள ஜப்பானுக்கோ என்றால், விட்டுவிட்டுப் போங்கள். அடாப்டர் மின்முனையின் வடிவத்தை மாற்றுமேயன்றி மின்னழுத்தத்தை மாற்றாது. இஸ்திரிப்பெட்டிக்கு ஈடுகொடுக்கும் டிரான்ஸ்பார்மர் இஸ்திரிப்பெட்டியைவிடக் கனமாக இருக்கும்.

கேள்வி: பழைய பொருள்களுக்கும் சுங்க வரி உண்டா?

பதில்: குடிபெயர்பவரின் பயன்படுத்திய வீட்டுப் பொருள்களுக்குப் பெரும்பாலான நாடுகள் விலக்கு அளிக்கின்றன. 'பயன்படுத்திய' என்பதற்கு ஒவ்வொரு நாடும் ஓர் எல்லை வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தது ஆறு மாதம் பயன்பாட்டில் இருந்திருக்கவேண்டும். அமெரிக்காவில் வீட்டுச் சாமான்களுக்கு ஓராண்டு. ஆகவே, புறப்படும் முன் புதிதாக வாங்கிக் குவிப்பது இருமுறை செலவு. கனடாவுக்குக் குடியேறுபவர்கள், பின்னால் வரவிருக்கும் பொருள்களின் பட்டியலையும் முதன்முதலாக அந்நாட்டில் இறங்கும்போதே சுங்க அதிகாரியிடம் கொடுத்துவிடவேண்டும். அந்த நேரத்தில் கையில் ஒரு பெட்டிகூட இல்லாவிட்டாலும் இது பொருந்தும்.

பட்டியலில் 'இதர பொருள்கள்' என்று எழுதாதீர்கள், அந்தப் பெட்டியைத்தான் முதலில் திறப்பார்கள். பெட்டிக்கு எண் கொடுத்து, உள்ளே இருப்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மண்ணுக்கும் விதைக்கும் மிகக் கடுமையான சோதனை உண்டு. மிதிவண்டிச் சக்கரம், தோட்டக் கருவி, காலணியின் அடிப்பகுதி, வாக்குவம் கிளீனரின் தூசிப்பை ஆகியவற்றைச் சுத்தம் செய்யாமல் அனுப்பினால், அங்கே செய்யும் துப்புரவுக்கும் நீங்கள்தான் பணம் கட்டவேண்டும். யானைத் தந்தமோ பவளமோ ஆமை ஓடோ சேர்ந்த பழம்பொருள் வீட்டில் இருந்தால், 1975-இல் நடைமுறைக்கு வந்த அருகிவரும் உயிரினங்கள் குறித்த பன்னாட்டு ஒப்பந்தம் அதற்கும் பொருந்தலாம். அனுமதிச் சான்று இல்லாமல் அதைப் பெட்டியில் வைக்காதீர்கள்.

கேள்வி: மறைந்த தாயாரின் கடிதங்கள், படங்கள், சேலைகள் என்று ஓர் அலமாரி நிறைய இருக்கிறது. எதையும் விட மனம் வரவில்லை.

பதில்: விடவேண்டும் என்று யார் சொன்னது? கடிதங்கள் எடையில் அற்பம், அவற்றை அப்படியே எடுத்துச்செல்லுங்கள். படங்களை அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியிலும், சிறிய படங்களை 600-லும் ஸ்கேன் செய்து இரண்டு பிரதிகளாக வெவ்வேறு இடங்களில் வைத்தால், ஆல்பங்களின் கனமான அட்டைகளை மட்டும் விட்டுவிடலாம். ஒலிநாடாக்கள் இருந்தால் அவற்றை முதலில் கவனியுங்கள். காந்த நாடா காலத்தோடு தேய்கிறது, ஓட்டிக்கேட்கும் கருவியும் அரிதாகிவருகிறது. சேலைகளில் அவர் அடிக்கடி உடுத்தியவை எவை என்பது உங்களுக்குத் தெரியும். மற்றவற்றை உடன்பிறந்தவர்களை அழைத்து, அவர்கள் விரும்பியதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த அலமாரிக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள், ஒரே நாளில் முடிக்க முயலவேண்டாம்.

கேள்வி: மீதியை அண்ணன் வீட்டுப் பரணில் போட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

பதில்: அண்ணியைக் கேட்டீர்களா? அவர்கள் சம்மதித்தால், பெட்டிகளின் எண்ணிக்கையையும் ஒரு தேதியையும் எழுதிக் கொடுங்கள். அந்தத் தேதிக்குள் கேட்டு வாங்காதவற்றை அவர்கள் விருப்பம்போல் செய்துகொள்ளலாம் என்பதும் அதில் இருக்கட்டும்.

கேள்வி: விமானத்தில் கையோடு எதை வைத்துக்கொள்ளவேண்டும்?

பதில்: தொலைந்தால் பணம் கொடுத்தும் உடனே பெற முடியாதவற்றை. பிறப்பு, திருமணம், கல்விச் சான்றிதழ்களின் மூலங்கள், பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவு, வேலை அனுபவக் கடிதங்கள், சுங்கப் பட்டியலின் ஒரு பிரதி ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். 1961-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாட்டுக்குப் போகிறவர்கள், சான்றிதழ்களில் அப்போஸ்டில் முத்திரையை, அதாவது ஆவணம் உண்மையானது என்று மற்ற நாடுகள் ஏற்கும் அரசுச் சான்றை, புறப்படும் முன்பே வாங்கிவிடவேண்டும். அங்கே போனபின் அதைத் தொலைவிலிருந்து பெறுவது பெரும்பாடு. மருந்துகளை மூல உறையோடும், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டோடும் வையுங்கள்; சளி மருந்தில் சாதாரணமாக இருக்கும் பொருள்கள் சிலவற்றுக்குக்கூட ஜப்பான் போன்ற நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. பவர் பேங்கையும் உதிரி லித்தியம் மின்கலங்களையும் செக்-இன் பெட்டியில் வைக்கக்கூடாது; 100 வாட்-மணி வரை உள்ளவற்றைக் கைப்பையில் கொண்டுபோகலாம், 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். செக்-இன் பெட்டிக்கு 23 கிலோ என்பது பரவலான அளவு. கூடுதல் பணம் கட்டினாலும், ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பொதுவாக ஏற்கமாட்டார்கள். பிள்ளை இரவில் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை இருந்தால், அதுவும் கைப்பையில்தான் வரவேண்டும். கப்பலில் அனுப்பியவை வந்துசேர மூன்று மாதம்கூட ஆகலாம்.