அறிவியல் கேள்வி–பதில்: பகலில் கேட்காத ரயில் ஊதல் இரவில் கேட்பது ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து ரயில் பாதை மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பகலில் காதில் விழாத ரயிலின் ஊதல், இரவிலும் விடியற்காலையிலும் தெளிவாகக் கேட்கிறது. ஊர் அடங்கிவிடுவது மட்டும்தான் இதற்குக் காரணமா?
– வாசகி, மணப்பாறை

பதில்: ஊர் அடங்குவதும் ஒரு காரணம்தான். ஆனால், ஆளரவமற்ற வெட்டவெளியில் நின்று கேட்டாலும் இந்த வேறுபாடு தெரியும். அங்கே காற்றின் வெப்பநிலைதான் வேலை செய்கிறது.

ஒலி எவ்வளவு வேகமாகச் செல்லும் என்பதை, அதை எழுப்பும் பொருள் தீர்மானிப்பதில்லை; ஒலி கடந்து செல்லும் ஊடகமே தீர்மானிக்கிறது. உரத்த ஊதலும் மெல்லிய பேச்சும் ஒரே காற்றில் ஒரே வேகத்தில்தான் பயணிக்கின்றன. 0 டிகிரி செல்சியஸில் நொடிக்கு 331 மீட்டராக இருக்கும் அந்த வேகம், வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி உயரும்போதும் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுகிறது.

இதை அளந்து பார்த்த முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று நம் சென்னையில் நடந்தது என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் கோல்டிங்ஹாம், புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடப்பட்ட பீரங்கிகளின் ஒளி தெரிந்த கணத்துக்கும் ஓசை வந்து சேர்ந்த கணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தைக் குறித்துவைத்தார். ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பரங்கிமலையிலிருந்து ஓசை வர ஏறத்தாழ 26 நொடிகள் பிடிக்கும் என்பதால், சிறிய வேறுபாடுகளும் அதில் புலப்படும். வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றின் திசை ஆகியவற்றையும் உடன் பதிந்து, ஒலியின் வேகம் மாதத்துக்கு மாதம் மாறுவதைக் காட்டி, 1823-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியிட்டார்.

இனி உங்கள் ஊதலுக்கு வருவோம். பகலில் தரை சூடேறுவதால் அதை ஒட்டிய காற்று வெப்பமாகவும் மேலே உள்ள காற்று சற்றுக் குளிர்ந்தும் இருக்கும். ஆகவே ஒலியலையின் கீழ்ப்பகுதி வேகமாகவும் மேற்பகுதி மெதுவாகவும் செல்லும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு மட்டும் விரைந்து நடந்தால், வண்டி மெதுவாக நடக்கும் மாட்டின் பக்கம் திரும்பும் அல்லவா? அதுபோல ஒலி மேல்நோக்கி வளைந்து, உங்கள் தலைக்கு மேலே கடந்துபோய்விடுகிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை வெப்பத்தை இழந்து குளிர, தரையை ஒட்டிய காற்று மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாகிவிடுகிறது. அப்போது மேலே சென்றிருக்க வேண்டிய ஒலியும் கீழ்நோக்கி வளைந்து உங்களை வந்தடைகிறது. விடியலுக்குச் சற்று முன்பு தரை மிகவும் குளிர்ந்திருப்பதால், அந்த நேரத்து ஊதல் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

கேள்வி: எதிர்க்காற்றில் கூப்பிட்டால் கேட்பதில்லையே, காற்று ஒலியைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறதா?
– வாசகர், தென்காசி

பதில்: இல்லை. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றால் 340 மீட்டர் வேகத்தில் வரும் ஒலியைத் தடுத்து நிறுத்த முடியாது. தரையருகே மெதுவாகவும் உயரத்தில் வேகமாகவும் வீசுவதே காற்றின் இயல்பு என்பதால், எதிர்க்காற்றில் ஒலியின் மேற்பகுதி கூடுதலாகத் தாமதப்பட்டு, அலை மேலே வளைகிறது.

கேள்வி: காற்று எந்தத் திசையில் அடித்தாலும் கடலலைகள் கரைக்கு நேராகவே வருவது ஏன்?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: இதுவும் அதே வளைவுதான். ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது: 8 மீட்டர் ஆழத்தில் நொடிக்குச் சுமார் 9 மீட்டர், 2 மீட்டர் ஆழத்தில் அதில் பாதி. சாய்வாக வரும் அலையில் முதலில் கரையை நெருங்கும் பகுதி வேகம் குறைய, ஆழத்தில் உள்ள பகுதி முன்னேறி, அலையின் முகடு கரைக்கு இணையாகத் திரும்புகிறது. எனினும் முழுமையாகத் திரும்பிவிடுவதில்லை. எஞ்சியிருக்கும் சிறு சாய்வே கரையோர மணலை நகர்த்துகிறது. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதியும் வடக்கே நகரும் அந்த மணலைத் துறைமுகச் சுவர் மறித்ததால்தான் அதன் தெற்கே மெரினா அகன்றது; வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது.