பரணில் கிடைத்த கறுப்புக் கட்டி

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பரணை ஒதுங்க வைக்கும்போது தாத்தாவின் தகரப் பெட்டியில் கறுப்பாக, பளபளவென்று சில கட்டிகள் இருந்தன. நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் என்றார்கள். பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டியதும் இதில் புகை போடலாமா? கால் வெடிப்புக்கும் ஆகுமாமே?"

அம்மா, முதலில் ஒரு சில்லை உடைத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். உடைந்த இடம் கண்ணாடிபோல மின்னி, ஓரம் செம்பழுப்பாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் கருங்குங்கிலியம். பாபநாசத்துக்கு மேலே இருப்பது போன்ற மழைக்காட்டு மரத்தின் பிசின். சாம்பிராணி வேறு. அது சுமத்ரா பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த சரக்கு.

குழந்தைக்கு இரண்டு புகையும் வேண்டாம். எந்தப் பிசின் எரிந்தாலும் அந்தப் புகை பிஞ்சு நெஞ்சைக் கரிக்கும். தலையை மெல்லிய துண்டால் ஒற்றி எடுத்தாலே போதும்.

கால் வெடிப்பு விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். குங்கிலியம் என்ற ஒரே பேரில் பல மரத்துப் பிசின்கள் கடையில் இருக்கின்றன. சித்த மருத்துவத்தில் குங்கிலிய வெண்ணெய்க்கு எடுப்பது வெளிர் நிறமான சால மரத்துப் பிசின். அந்த மரம் நம் மலையில் கிடையாது. அதற்குப் பதிலாகக் கறுப்புக் கட்டியை எண்ணெயில் காய்ச்சிப் பூசாதீர்கள். பிசினும் எண்ணெயும் அடுப்பில் சட்டென்று தீப்பிடிக்கும். தயாராக விற்கும் குங்கிலிய வெண்ணெயைச் சித்த மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

சரி, தாத்தா எதற்கு வைத்திருந்திருப்பார்? குங்கிலியம் தண்ணீரில் கரையாது, சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். அதனால்தான் மரப்படகுக்குக் கலப்பற்று அடிக்கும்போது இதை எண்ணெயில் உருக்கிப் பலகை இடுக்கை அடைத்தார்கள். கோயிலில் மூலவரைப் பீடத்தோடு பொருத்தும் அஷ்டபந்தன மருந்திலும் குங்கிலியம் உண்டு. கொம்பரக்கு, தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலியவற்றோடு சேர்த்து, மெழுகுப் பதம் வரும்வரை அலுக்காமல் இடிப்பார்கள். கும்பாபிஷேகத்தின்போது இடிக்கும் சத்தத்தை நீங்களே கேட்டிருப்பீர்கள்.

பூஜைக்கு வேண்டுமானால் ஜன்னலைத் திறந்து வைத்து, கங்கில் பயறளவு போடுங்கள். தீர்ந்தபின் மலையடிவாரத்தில் தேடிப் போக வேண்டாம். மரத்தைக் கீறி, அடியில் தீ மூட்டிப் பிசினை வரவைக்கும் பழக்கத்தால் நல்ல மரங்கள் பட்டுப்போகின்றன. எனக்கு அது பொறுக்கவில்லை. 1988 முதல் பாபநாசத்துக்கு மேலே உள்ள அந்தக் காடு புலிகள் காப்பகம் வேறு, அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம். பெட்டியில் இருப்பதை மூடி இறுக்கிய டப்பாவில் போட்டு, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.