‘பிரியா’ படம் சுஜாதாவின் நாவலிலிருந்து ஏன் அவ்வளவு விலகியது?

நாவல் லண்டனில் நடக்கிறது. 1978-இல் வந்த படமோ சிங்கப்பூருக்கு மாறியது. ஊரைவிடப் பெரிய மாற்றம் கணேஷ்தான். நாவலில் மூளையால் வெல்லும் வக்கீல். ரஜினிகாந்த் நடிக்கும்போது அவருக்குச் சண்டை, பாட்டு, காதல் எல்லாம் வேண்டும். எனவே மலேசிய நடிகை அஸ்னா ஹமீத் ஜோடியானார். எஸ்.பி. முத்துராமன் இயக்கிய மசாலாப் படம் அது. துப்பறியும் கதையின் இறுக்கம் தளர்ந்தது உண்மை.

ஆனாலும் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அது வெறும் படமல்ல. இளையராஜா இசையில் யேசுதாஸ் பாடும் ‘அக்கரைச் சீமை அழகினிலே’ தொலைக்காட்சியில் ஒலித்தால், அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வந்து நிற்பார். கதாநாயகனைப் பார்க்கமாட்டார்; அவருக்குப் பின்னால் தெரியும் பழைய சாலைகளைத்தான் பார்ப்பார். தாம் வந்திறங்கிய ஊர் அப்படியே இருக்கிறது என்பார்.