வீட்டில் வேலை, சிதறும் கவனம்: கேள்வி பதில்

கேள்வி: ஃபோனை சைலன்ட்டில் போட்டாலும் கை தானாகப் போகிறது. ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால் ஆஃப் செய்யவும் முடியாது சார்.

சைலன்ட் சத்தத்தைத்தான் நிறுத்தும். திரை மின்னிக்கொண்டே இருக்கும். ஆண்ட்ராய்டில் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போட்டு, ஸ்டார் போட்ட எண்களின் அழைப்பை மட்டும் அனுமதியுங்கள். ‘ரிபீட் காலர்ஸ்’ வசதியையும் ஆன் செய்தால், ஒரே எண் 15 நிமிடத்துக்குள் மறுபடி அழைக்கும்போது மணி அடிக்கும். ஐஃபோனில் அது 3 நிமிடம். “அவசரம்னா அடுத்தடுத்து ரெண்டு தடவை கூப்பிடுங்க” என்று வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் சொல்லிவையுங்கள். வாட்ஸ்ஆப் கால் வேண்டாம், சாதாரண கால். பிறகு மணிச் சத்தத்தைக் கூட்டி, ஃபோனை அடுத்த அறையில் வைத்துவிடலாம். லேப்டாப்பில் வாட்ஸ்ஆப் வெப் திறந்திருந்தால் இவ்வளவும் வீண். முதலில் அதை லாக்அவுட் செய்யுங்கள்.

கேள்வி: ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட். ஹாலில் சீரியல், கிச்சனில் மிக்ஸி. நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் வாங்கலாமா?

ஃபேன், ஏசி மாதிரி ஒரே சீராக ஓடும் தாழ்ந்த இரைச்சலை அது நன்றாக அடக்கும். பேச்சுக் குரலை அந்த அளவுக்கு அடக்காது. உங்களுக்குத் தொல்லையே சீரியல் வசனம்தான். புரிகிற பேச்சு காதில் விழுந்தால் மனசு பின்னாலேயே போய்விடும். மிக்ஸி இரண்டு நிமிடத்தில் ஓய்ந்துவிடும், விடுங்கள்.

முதலில் மருந்துக் கடையில் ஃபோம் இயர்பிளக் வாங்கிப் பாருங்கள். விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது உப்பும்வரை 20, 30 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பலர் உருட்டாமல் காது வாயிலில் ஒட்டவைத்துவிட்டு “ஒண்ணும் கேட்கலைன்னு சொன்னாங்க, எல்லாம் கேட்குதே” என்கிறார்கள். கதவின் அடியில் இடுக்கு இருந்தால் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். எழுத்து வேலையின்போது தமிழ்ப் பாட்டு வேண்டாம்.

கேள்வி: 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் இடைவேளை என்று டைமர் வைக்கும் பொமோடோரோ முறை எனக்கு ஒத்துவரவில்லை. கோடிங் சூடு பிடிக்கும்போது மணி அடித்துவிடுகிறது.

25 நிமிடம் என்பது வேதவாக்கு அல்ல. 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ படிப்புக்காகத் தக்காளி வடிவ டைமரை வைத்து அமைத்துக்கொண்ட கணக்கு அது. மெயில், பில் என்ட்ரிக்கு அது போதும். கோடிங்குக்கு 50 வேலை, 10 இடைவேளை என்று மாற்றுங்கள். இடைவேளையில் தண்ணீர் குடியுங்கள், நடங்கள். ரீல்ஸ் திறந்தால் பத்து நிமிடம் பத்தாது.

கேள்வி: மாமியார் அடிக்கடி கூப்பிடுகிறார். போய் வந்தால் எங்கே விட்டேன் என்றே தெரியவில்லை.

எழுந்திருக்கும் முன் ஒரு வரி எழுதுங்கள்: “47-ம் வரி வரை பார்த்தாச்சு, அடுத்து இன்வாய்ஸ் தேதி.” விட்ட வேலையிலேயே மனசு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-ல் ஆராய்ந்து எழுதினார், 2018-ல் தெரசா க்ளோமுடன் சேர்ந்து, இப்படிக் குறித்துவைத்தால் அது குறைகிறது என்றும் காட்டினார். மாமியாரிடம் “பிஸி” என்றால் பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிடுவார். “பதினொன்றரைக்கு வரேன் அத்தை” என்று சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்குப் போயும் நில்லுங்கள்.

கேள்வி: மதியம் 2 மணிக்குக் கண் சொக்குகிறது.

சாதத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள். அந்த நேரத்துச் சோர்வு உடம்பின் இயல்பு. 20 நிமிட அலாரம் வைத்துத் தூங்குங்கள், நீண்டால் மந்தம் வரும். யோசிக்கிற வேலையைக் காலைக்குத் தள்ளுங்கள்.

கேள்வி: கரண்ட் போனால் வைஃபை போகிறது, மூடும் போகிறது.

ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் வாங்குங்கள். அடாப்டரில் அவுட்புட் எழுதியிருக்கும், பெரும்பாலும் 12 வோல்ட். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும்; இல்லாவிட்டால் ரவுட்டர் விளக்கு எரியும், நெட் வராது.