ரூட் 66-ல் ஒரே ஒரு சின்ன ஊர்தான் பார்க்க முடியும் என்றால் எங்கே போகலாம்?

கேள்வி கேட்டவர் லாஸ் வேகஸிலிருந்து கிராண்ட் கேன்யனுக்குக் காரில் போகிறார். வழியில் ரூட் 66 என்ற பழைய அமெரிக்க நெடுஞ்சாலையை எட்டிப்பார்க்க அரை நாள் இருக்கிறதாம். யோசிக்கவே வேண்டாம், அரிசோனாவில் இருக்கும் செலிக்மன். ஆனால் ஐ-40 என்ற இன்றைய பெரிய நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி அந்த ஊருக்குள் நுழையாதீர்கள். அதற்கு முன்னால் வரும் கிங்மன் ஊரிலேயே பெரிய சாலையை விட்டுவிட்டு பழைய சாலையைப் பிடித்துப் போங்கள்.

பட்டுத்தான் சொல்கிறேன். முதல் தடவை 120 கி.மீ. வேகத்தில் வந்து, எக்ஸிட் எடுத்து, இறங்கினேன். ஒரே ஒரு தெரு. டின் போர்டு, ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம், டி-ஷர்ட் விற்கும் கடைகள். கடை வாசலிலும் மாடியிலும் வேஷம் போட்ட பொம்மைகள், துருப்பிடித்த கார்கள். இதுக்கா இவ்வளவு பேச்சு என்று இருபது நிமிஷத்தில் கிளம்பிவிட்டேன்.

அடுத்த தடவை அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். அவருக்கு வேகமாகப் போனால் தலை சுற்றும் என்பதால்தான் பழைய சாலையில் போனோம், வேறு பெரிய காரணமில்லை. பெரிய சாலையில் 110 கி.மீ. தூரம், இதில் சுமார் 140. கொஞ்ச நேரத்திலேயே எதிரில் வண்டியே இல்லை. பக்கத்தில் தண்டவாளம்; ஒன்றின் மேல் ஒன்றாகக் கன்டெய்னர் ஏற்றிய சரக்கு ரயில் எங்களோடு கூடவே வந்தது. அப்பா பெட்டிகளை எண்ண ஆரம்பித்து, எண்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டார். ஹேக்பெரியில் பழைய பெட்ரோல் பம்புகள் வைத்த ஒரு கடை. அடுத்து ஹுவாலாப்பாய் பழங்குடியினரின் தலைநகரான பீச் ஸ்பிரிங்ஸ். இடையிடையே ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வரி. பர்மா-ஷேவ் என்ற சவரக் களிம்பு விளம்பரம். அந்தக் காலத்தில் பாட்டை வரி வரியாகப் பிரித்துச் சாலையோரம் நட்டு வைப்பார்களாம். இப்போது இருப்பவை அதே பாணியில் புதிதாக வைத்தவை. வேகம் கூட்டினால் அடுத்த வரி நழுவிவிடும்.

இப்படி ஒன்றரை மணி நேரம் வந்தபிறகு செலிக்மன் வந்தால் அது கடைத்தெருவாகத் தெரியாது, ‘அப்பாடா, ஊர் வந்துடுச்சு’ என்று இருக்கும். சிகாகோவிலிருந்து கலிபோர்னியா வரை 1926-ல் அறிவித்த சாலை இது. இதில் வந்தவர்களுக்குச் சாப்பாடும் பெட்ரோலும் படுக்கையும் கொடுத்தே ஊர் பிழைத்தது. 1978 செப்டம்பர் 22-ஆம் தேதி ஐ-40 பைபாஸ் திறந்தார்கள். அன்றோடு ஊருக்குள் வண்டி வருவது நின்றது. பைபாஸ் வந்தால் கடைக்காரர் கதி என்ன என்று நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1985-ல் ரூட் 66 என்ற எண்ணையே தேசியச் சாலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அதை விடாமல் பிடித்தவர் அந்த ஊர் முடிதிருத்துநர், ஏஞ்சல் டெல்கடியோ. 1987-ல் அண்ணன் ஹுவானையும் இன்னும் சிலரையும் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்து, அரசாங்கத்தை நச்சரித்து, அதே வருஷம் செலிக்மன் – கிங்மன் சாலையை ‘வரலாற்றுச் சிறப்புமிக்க சாலை’ என்று அரிசோனாவை அறிவிக்க வைத்தார். பிறகு மற்ற மாநிலங்களிலும் இதே மாதிரி சங்கங்கள் முளைத்தன. அவருடைய சலூன் இப்போது நினைவுப்பொருள் கடையும்கூட. அந்தப் பழைய நாற்காலி அங்கேயே இருக்கிறது, சுவர் முழுக்க வந்துபோனவர்கள் செருகிய விசிட்டிங் கார்டுகள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “ஏண்டா, சலூன் கடைக்காரரா ரோட்டை மீட்டாரு?” என்றார். “ஆமாப்பா.” “ஊர்ல எல்லாரும் வந்து உக்கார்ற இடம் அதுதானே, அப்புறம் வேற யாரு செய்வா!”

நாலு எட்டில் ஸ்னோ கேப். 1953-ல் ஹுவான், தான் வேலை பார்த்த ரயில்வேயில் கழித்துப் போட்ட மரத்தை வைத்தே கட்டிய உணவுக்கடை. வாசலில் மேற்கூரையை வெட்டியெடுத்த ஒரு 1936 செவர்லே. கதவில் இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கும், ஒன்று டூப். அப்பா டூப்பைத்தான் பிடித்து இழு இழு என்று இழுத்தார். உள்ளே போனால் மெனுவில் ‘சீஸ் போட்ட சீஸ்பர்கர்’, ‘செத்த கோழி’. “உயிரோட இருக்கறதையா வறுப்பாங்க, சரியாத்தான் எழுதியிருக்கான்” என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள், கவுன்டரில் இருந்தவர் கடுகு சாஸ் வேணுமா என்று கேட்டு மஞ்சள் பாட்டிலை அவர் பக்கம் பிதுக்கினார். “சட்டை போச்சுடா!” என்று இரண்டடி பின்னால் குதித்தார் மனுஷன். வந்தது மஞ்சள் நூல். ஹுவான் 2004-ல் போய்விட்டார், அவர் ஆரம்பித்த சேட்டை நிற்கவில்லை. சைவக்காரர்களுக்கு உருளை வறுவலும் மில்க் ஷேக்கும்தான், சொல்லிவிட்டேன்.

பெட்ரோலைக் கிங்மனிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஊர் 5,000 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, வெயில் நாளிலும் சாயங்காலத்துக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும். குளிர்காலத்தில் ஸ்னோ கேப்பை மூடிவிடுவார்கள். இன்னொன்று: அரிசோனாவில் கடிகாரத்தை முன்பின் மாற்றும் பழக்கம் கிடையாது. கோடையில் வேகஸ் நேரமும் இங்கே நேரமும் ஒன்றுதான், குளிர்காலத்தில் இங்கே ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அதைக் கணக்குப் பண்ணிக் கிளம்புங்கள், இல்லையென்றால் சலூனின் பூட்டைத்தான் போட்டோ எடுக்க வேண்டியிருக்கும்.